சென்னை மாகாணச் சட்டசபை 1937–1939: அங்கத்துவமும் தலைமையும் பற்றிய ஒரு வர்க்க நோக்கு

1

சட்டசபைகளின் வரலாறு பெரும்பாலும் பெயர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. முதலமைச்சர் யார், சபாநாயகர் யார், எக்கட்சிக்கு எத்தனை ஆசனங்கள் என்பன பட்டியலிடப்பட்டதும் ஆய்வாளரின் கடமை முடிந்துவிடுகின்றது. அப்பட்டியல்கள் தேவையானவை. ஆயினும், சபையில் அமர்ந்தோரை அனுப்பியவர் யார், அனுப்பும் உரிமையே இல்லாதிருந்தவர் யார் என்னும் வினாக்கள் எழுப்பப்படாதவரை அவை பேசுவதில்லை. 1937ஆம் ஆண்டுத் தேர்தலின் வழியாக உருவாகி, 1939 அக்டோபர் இறுதியிற் செயலிழந்த சென்னை மாகாணச் சட்டசபையை இவ்வினாக்களோடு அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இச்சபையை நாம் தெரிந்துகொண்டமைக்குக் காரணமுண்டு. தமிழ் பேசும் மக்கள் பெருந்தொகையாக வாழ்ந்த ஒரு மாகாணத்தில், மக்கள் இயக்கம் ஒன்றின் வழிவந்த கட்சி பொறுப்பாட்சியைக் கையேற்ற முதற் சந்தர்ப்பம் இது. அன்றைய சென்னை மாகாணம் தமிழ் மாவட்டங்களோடு தெலுங்கு மாவட்டங்களையும் மலபாரையும் தென்கன்னடத்தையும் உள்ளடக்கியிருந்தது. நான்கு மொழியினரும் பல்வேறு நிலவுடைமை முறைகளும் ஒரே கூரையின் கீழ்ப் பிரதிநிதித்துவம் பெற்ற சபை அது. அதன் ஆயுள் இரண்டேகால் ஆண்டே. எனினும், தென்னிந்திய அரசியலின் அடுத்த மூன்று தசாப்தங்களை நிர்ணயித்த முரண்பாடுகள் அனைத்தும் அக்குறுகிய காலத்திலேயே வெளிப்பட்டன.

2

1935ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டம் மாகாணங்களில் இரட்டையாட்சியை நீக்கி, துறைகள் யாவற்றையும் சபைக்குப் பொறுப்புடைய அமைச்சர்களிடம் ஒப்படைத்தது. அதேவேளை, ஆளுநருக்கு விசேட பொறுப்புகளையும் அவற்றை நிறைவேற்றத்தக்க விசேட அதிகாரங்களையும் ஒதுக்கியது. அரசியலமைப்பு இயங்க முடியாது என ஆளுநர் கருதுமிடத்து, 93ஆம் பிரிவின் கீழ் ஆட்சி முழுவதையும் அவர் தம் கையில் எடுத்துக்கொள்ளலாம். கொடுத்ததைத் திரும்பப் பெறும் வழியையும் சேர்த்தே கொடுத்த சட்டம் அது.

சென்னைச் சட்டசபையின் 215 ஆசனங்களும் பங்கிடப்பட்ட முறை கூர்ந்து நோக்கத்தக்கது. பொது ஆசனங்கள் 146. அவற்றுள் 30 ஆசனங்கள் 1932ஆம் ஆண்டின் பூனா ஒப்பந்தத்தின்படி தாழ்த்தப்பட்ட சாதியினருக்கு ஒதுக்கப்பட்டவை. முஸ்லிம்களுக்கு 28, இந்தியக் கிறிஸ்தவர்க்கு 8, பெண்களுக்கு 8, ஐரோப்பியர்க்கு 3, ஆங்கிலோ இந்தியர்க்கு 2, பின்தங்கிய பிரதேசங்களுக்கும் பழங்குடியினருக்கும் 1, பல்கலைக்கழகத்திற்கு 1. எஞ்சிய 18 ஆசனங்கள் மூன்று சமபங்காக்கப்பட்டன: நிலப்பிரபுக்களுக்கு 6, வணிகத்திற்கும் கைத்தொழிலுக்கும் 6, தொழிலாளருக்கு 6.

இச்சமன்பாட்டிலேயே ஏகாதிபத்தியத்தின் சமூகத் தத்துவம் அடங்கியுள்ளது. விரல்விட்டு எண்ணத்தக்க ஜமீன்தார்களும் இலட்சக்கணக்கான தொழிலாளரும் ஒரே எண்ணிக்கையாற் குறிக்கப்பட்டனர். தொழிலாளர் என்போரும் ஆலை, துறைமுகம், இரயில்வே முதலாய அமைப்புற்ற துறைகளைச் சார்ந்தோரே. மாகாணத்தின் மிகப் பெரிய உழைப்பாளர் கூட்டமான நிலமற்ற விவசாயக் கூலிகளுக்கென ஓர் ஆசனமேனும் இருக்கவில்லை. தஞ்சைப் பண்ணையாளும் மலபாரின் செறுமனும் உழைப்பாளர் என்ற முறையில் அச்சட்டத்தின் கண்களுக்குத் தென்படவேயில்லை.

வாக்குரிமையும் இத்தத்துவத்தையே பின்பற்றியது. பிரித்தானிய இந்திய மாகாணங்கள் அனைத்திலுமாக ஏறத்தாழ மூன்று கோடிப் பேர் வாக்குரிமை பெற்றனர். 1919ஆம் ஆண்டின் சட்டத்தோடு ஒப்பிடுகையில் இது பெரும் விரிவே. ஆயினும் சொத்து, வரி, கல்வி ஆகிய தகுதிகள் நீடித்தன. கிராமப்புறத்தில், தன் பெயரிற் பட்டா உடையவனும் பதிவுபெற்ற குடியானவனும் வாக்காளராயினர். எதுவுமற்ற கூலி வெளியே நின்றான். பெண்களிற் பலர் கணவரின் சொத்துத் தகுதியைக் கொண்டே வாக்குரிமை எய்தினர்.

பாக்கு நீரிணையின் இப்பக்கத்தில் நிலைமை வேறாயிருந்தது. 1931ஆம் ஆண்டிலேயே டொனமூர் அரசியலமைப்பு இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமையை வழங்கியிருந்தது. தோட்டத் தொழிலாளர் விடயத்தில் விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளை மறக்காமலே, உடைமையற்றோரின் வாக்கு இங்கு ஓர் அரசியற் சக்தியாக உருப்பெற்றதை நாம் குறிப்பிடலாம். 1936ஆம் ஆண்டின் அரசாங்க சபைக்கு என். எம். பெரேராவும் பிலிப் குணவர்த்தனவும் தெரிவாகியமை அதன் விளைவுகளுள் ஒன்று. சென்னையில் அத்தகைய இடதுசாரிக் குரல் சபைக்குள் நுழையும் வாயில் மிகக் குறுகியதாயிருந்தது.

3

1937 பெப்ரவரித் தேர்தலிற் காங்கிரஸ் 215 ஆசனங்களுள் 159 ஆசனங்களைக் கைப்பற்றியது. 1920ஆம் ஆண்டு முதல் இடையீடுகளுடன் மாகாண ஆட்சியை நடத்திவந்த நீதிக்கட்சி ஏறத்தாழ அழிவுற்றது. முதலமைச்சராயிருந்த பொப்பிலி அரசர் தம் சொந்தத் தொகுதியிலேயே வி. வி. கிரியிடம் தோற்றார். இராமநாதபுரத்திற் சேதுபதி மன்னர் உ. முத்துராமலிங்கத் தேவரிடம் தோல்வியுற்றார்.

ஜமீன் ஆதிக்கத்தின் மீது விழுந்த பலத்த அடி இது என்பதில் ஐயமில்லை. 1929ஆம் ஆண்டின் உலகப் பொருளாதார நெருக்கடி விளைபொருள் விலைகளை வீழ்த்தியிருந்தது. வரியும் குத்தகையும் வட்டியும் மட்டும் வீழவில்லை. கடனில் மூழ்கிய குடியானவன் தனக்குக் கிடைத்த முதல் வாக்கை ஜமீன்தாருக்கு எதிராகப் பயன்படுத்தினான். ஆயினும் ஜமீன்தாரை வென்றவர் அவருடைய குடியானவர் அல்லர் என்பதையும் நோக்குதல் வேண்டும். கிரி அயர்லாந்திற் சட்டம் பயின்றவர், தொழிற்சங்கத் தலைவர். தேவர் நிலவுடைமைக் குடும்பத்தின் வாரிசு. வாக்களித்தவன் ஒரு வர்க்கத்தைச் சார்ந்தவனாகவும், வாக்கைப் பெற்றவர் இன்னொரு வர்க்கத்தைச் சார்ந்தவராகவும் இருந்தமை அச்சபையின் அடிப்படை இயல்பாகும்.

காங்கிரஸ் அங்கத்தவரை நாம் மூன்று படைகளாக வகுக்கலாம். முதலாவது, நகரத்துக் கல்விமான்கள்: வழக்கறிஞர், மருத்துவர், பத்திரிகையாளர். இரண்டாவது, இரயத்துவாரிப் பிரதேசங்களின் பட்டாதாரர். உள்ளூர்ச் சபைகளிற் பயிற்சிபெற்று, உப்புச் சத்தியாக்கிரகத்திற் சிறை சென்றவர்கள். மூன்றாவது, இயக்கமே வளர்த்தெடுத்த எளிய தொண்டர்கள். சாத்தூரிலிருந்து தெரிவான கு. காமராசர் இம்மூன்றாம் படையினர். கடலூர் அஞ்சலையம்மாளும் அவ்வாறே; 1927ஆம் ஆண்டின் நீல் சிலைப் போராட்டத்தில் தம் மகளுடன் பங்குகொண்டவர் அவர். எண்ணிக்கையிலும் செல்வாக்கிலும் முதலிரு படைகளே மேலோங்கியிருந்தன. அவற்றின் கூட்டே 159 என்னும் எண்ணின் உட்பொருள்.

மேலவை இதனினும் இறுகியது. உயர்ந்த சொத்துத் தகுதியுடைய சிறு வாக்காளர் தொகுதி, ஆளுநரின் நியமனங்கள், கலைக்கப்படாத நிரந்தரத் தன்மை ஆகியவற்றோடு அது கீழவைக்கு மேல் ஒரு பாறாங்கல்லாக அமைந்தது.

4

தேர்தல் வென்ற காங்கிரஸ் உடனே பதவியேற்கவில்லை. ஆளுநர் தம் விசேட அதிகாரங்களைப் பயன்படுத்தமாட்டார் என்ற உறுதிமொழியை அது கோரியது. அவ்விடைவெளியில் ஆளுநர் எர்ஸ்கின் பிரபு, கூர்ம வெங்கட ரெட்டி நாயுடு தலைமையில் ஓர் இடைக்கால அமைச்சரவையை அமைத்தார். மக்கள் நிராகரித்த தரப்பைச் சார்ந்த அவ்வமைச்சரவை 1937 ஏப்ரல் முதல் யூலை வரை நீடித்தது.

யூலையில் சி. இராசகோபாலாச்சாரியார் பதவியேற்றார். அவர் பல்கலைக்கழகத் தொகுதியின் பிரதிநிதி. மக்கள் இயக்கத்தின் தலைவர் பட்டதாரிகளின் தனித்தொகுதி வழியாகச் சபைக்கு வந்தமை ஒரு தற்செயல் நிகழ்ச்சி போலத் தோன்றலாம். அவரது அரசியற் போக்கை நோக்குமிடத்து அது பொருத்தமான குறியீடே. எஸ். சத்தியமூர்த்தி மாகாண அமைச்சரவைக்கு வெளியே நிற்க நேர்ந்ததும் தலைமைப் போட்டியின் ஓரங்கமாகும்.

பதின்மர் கொண்ட அமைச்சரவையில் முதலமைச்சரே நிதியையும் வைத்துக்கொண்டார். தங்குதூரி பிரகாசம் வருவாய்த் துறையையும், யாகூப் ஹசன் பொதுவேலைகளையும், ப. சுப்பராயன் கல்வியையும் சட்டத்தையும், தி. சே. சௌ. ராஜன் சுகாதாரத்தையும், கிரி தொழிலாளர் துறையையும் கைத்தொழிலையும் ஏற்றனர். வி. ஐ. முனுசாமிப் பிள்ளை, எஸ். இராமநாதன், கே. ராமன் மேனன், பெசவாட கோபால ரெட்டி ஆகியோர் ஏனையோர். பின்னர் ராமன் மேனன் காலமாக அவரிடத்திற்கு சி. ஜே. வர்க்கி வந்தார். புலுசு சாம்பமூர்த்தி சபாநாயகராகவும், ருக்மணி லட்சுமிபதி துணைச் சபாநாயகராகவும் தெரிவாகினர். மேலவைக்கு யு. ராமராவ் தலைமை வகித்தார்.

இவ்வமைச்சரவை பிரதேசங்களையும் சமயங்களையும் சாதிகளையும் கவனமாகச் சமன்செய்தது. முன்னைய அணிகளையும் அது உள்வாங்கியது. சுப்பராயன் குமாரமங்கலம் ஜமீன்தார். 1926 முதல் 1930 வரை சுயேச்சை அமைச்சரவையின் தலைவராயிருந்தவர். இராமநாதன் சுயமரியாதை இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவர். பெரியாருடன் சோவியத் நாட்டுக்குச் சென்றுவந்தவர். மாதச் சம்பளம் 500 ரூபாவுக்கு மேற்படலாகாது என்ற 1931ஆம் ஆண்டின் கராச்சித் தீர்மானத்தையும் அமைச்சர்கள் மதித்தனர். அவர்களது தனிப்பட்ட நேர்மையை மறுப்பதற்கில்லை. வர்க்க ஆய்வு தனிமனித நேர்மையோடு முடிவடைவதில்லை என்பதே நாம் கூறவிழைவது.

5

அச்சபையின் வர்க்கத் தன்மையை அதன் சட்டங்களிலேயே தேடுதல் வேண்டும். அவற்றுள் முதன்மையானது 1938ஆம் ஆண்டின் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம். 1932 அக்டோபர் 1ஆம் திகதிக்கு முன் பெற்ற கடன்களில், 1937 அக்டோபர் 1ஆம் திகதிவரை நிலுவையாயிருந்த வட்டியை அது முற்றாக நீக்கியது. பிற்பட்ட கடன்களின் வட்டியை 5 வீதத்திற்குக் குறைத்தது. பெற்ற முதலின் இருமடங்கைச் செலுத்தியவனின் கடன் தீர்ந்ததெனக் கொண்டது. வட்டிக்கடைக்காரரின் எதிர்ப்பை மீறிக் கொணரப்பட்ட இச்சட்டம் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் நிலத்தைக் காப்பாற்றியது. அதனைச் சிறுமைப்படுத்துவது வரலாற்று நேர்மையாகாது.

ஆனால் ‘விவசாயி’ என்னும் சொல்லுக்கு அச்சட்டம் தந்த வரைவிலக்கணம் எத்தகையது? விற்கத்தக்க உரிமையை விவசாய நிலத்தில் உடையவனே விவசாயி. பிறர் நிலத்தில் தலைமுறை தலைமுறையாக உழுது, ஆண்டையிடம் பெற்ற கடனுக்காகத் தன் உழைப்பையே அடகுவைத்தவன் விவசாயி ஆகவில்லை. வாக்காளர் பட்டியலின் எல்லைக்கோடும் கடன் நிவாரணத்தின் எல்லைக்கோடும் ஏறத்தாழ ஒரே கோடாக அமைந்தமையே இச்சபையின் வரலாற்றில் நாம் கண்டுகொள்ளும் மையமான உண்மையாகும். பட்டா உடையவன் வாக்களித்தான். பட்டா உடையவனின் வட்டி நீங்கியது. பட்டா அற்றவன் முன்னதிலும் இல்லை, பின்னதிலும் இல்லை. எவருடைய சூழ்ச்சியும் இதற்குத் தேவைப்படவில்லை. பிரதிநிதித்துவத்தின் சமூக அடித்தளம் சட்டத்தின் சொற்களில் தன்னைத் தானே எழுதிக்கொண்டது.

இரண்டாவது சோதனை ஜமீன் பிரச்சினை. பிரகாசத்தின் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு, 1908ஆம் ஆண்டின் எஸ்டேட் நிலச்சட்டத்தையும் 1802ஆம் ஆண்டின் நிரந்தர நிலவரித் திட்டத்தையும் ஆராய்ந்து 1938ஆம் ஆண்டிற் பெரியதோர் அறிக்கையை வெளியிட்டது. நிலம் குடியானவனுக்கே உரியது, ஜமீன்தார் வரி திரட்டும் உரிமை பெற்றவரே என்னும் அதன் முடிவு, இந்தியாவில் அக்காலத்தில் ஆளுங்கட்சியொன்றின் குழுவிடமிருந்து வந்த மிகத் துணிவான கூற்றுகளுள் ஒன்றாகும். 1939 ஜனவரியில் கீழவை அறிக்கையின் அடிப்படையிற் சட்டமியற்றவேண்டுமென்று தீர்மானித்தது. ஆயினும் பதவி துறக்கும்வரை அச்சட்டம் பிறக்கவில்லை. ஜமீன்முறை ஒழிப்புச் சட்டம் 1948ஆம் ஆண்டிலேயே வந்தது. பட்டாதாரனின் கடன் பற்றிய சட்டம் சில மாதங்களில் நிறைவேற, ஜமீன் குடியானவனின் நிலம் பற்றிய தீர்மானம் தீர்மானமாகவே நின்றமை, அமைச்சரவைக்குள் எவ்வர்க்கத்தின் கை ஓங்கியிருந்தது என்பதைப் புலப்படுத்துகின்றது. மலபாரின் குத்தகைமுறையை ஆராயவெனவும் ஒரு குழு அமைந்தது. அதில் ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடு எழுதிய மாறுபட்ட குறிப்பு, காங்கிரசினுள்ளேயே முதிர்ந்துகொண்டிருந்த வேறொரு அரசியலின் முன்னறிவிப்பு.

மதுவிலக்கு மூன்றாவது. 1937 அக்டோபர் 1ஆம் திகதி சேலத்தில் தொடங்கிய அது, பின்னர் சித்தூர், கடப்பை, வட ஆற்காடு மாவட்டங்களுக்கும் விரிந்தது. ஏழைக் குடும்பங்களுக்கு அது தந்த ஆறுதல் உண்மையானது. இழந்த மதுவரியை ஈடுசெய்ய 1939ஆம் ஆண்டிற் பொது விற்பனை வரி விதிக்கப்பட்டது. வணிகரே அதனை எதிர்த்தனர். எனினும் மறைமுக வரியின் சுமை இறுதியில் வாங்குவோனையே சேரும் என்பது அரசியற் பொருளாதாரத்தின் அரிச்சுவடி.

6

தாழ்த்தப்பட்ட சாதியினரின் 30 பிரதிநிதிகள் ஆற்றக்கூடியதாயிருந்தது என்ன? அவர்களுட் பெரும்பாலோர் காங்கிரஸ் வேட்பாளராகத் தெரிவானவர்கள். கூட்டுத் தொகுதி முறையிற் சாதி இந்துக்களின் வாக்குகளையும் பெற்றுவந்தவர்கள். கட்சிக் கட்டுப்பாடு அவர்களைப் பிணைத்தது. பொதுக்கிணறு, பொதுவீதி முதலியவற்றில் விதிக்கப்பட்ட தடைகளை அகற்றும் சட்டம் 1938ஆம் ஆண்டில் நிறைவேறியது. ஆனால் எம். சி. ராஜா அதே ஆண்டிற் கொணர்ந்த ஆலயப் பிரவேச மசோதா, காங்கிரஸ் பெரும்பான்மையின் எதிர்ப்பினாலேயே தோற்றது. முதலமைச்சர் மலபாருக்கு மட்டும் ஒரு சட்டம் செய்தார். அதுவும் சாதி இந்து வழிபடுவோரின் வாக்கெடுப்பைச் சார்ந்தது. 1939 யூலை 8ஆம் திகதி மதுரை மீனாட்சி ஆலயத்தில் அ. வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டோருடன் நுழைந்த பின்னரே, அச்செயலைப் பாதுகாக்கும் சட்டத்தை அரசு அவசரமாகக் கொணர்ந்தது. சபை வழிகாட்டவில்லை, வெளியே நிகழ்ந்ததைப் பின்தொடர்ந்தது.

குற்றப் பரம்பரைச் சட்டமும் இவ்வரிசையிற் சேர்வதே. அதனை நீக்குவதாகக் கொடுத்த நம்பிக்கை நிறைவேறவில்லை. 1947ஆம் ஆண்டுவரை அக்கொடுஞ்சட்டம் நிலைத்தது.

7

159 என்னும் பேரெண், சபைக்குள் எதிர்க்கட்சியை வலுவிழக்கச் செய்தது. எதிர்ப்பு அதனால் மறையவில்லை, இடம்பெயர்ந்தது. 1938 ஏப்ரலில் 125 உயர்நிலைப் பாடசாலைகளில் இந்துஸ்தானி கட்டாயமாக்கப்பட்டபோது, ஏ. டி. பன்னீர்செல்வம் போன்றோர் சபையிற் கண்டித்தனர். எண்ணிக்கை அவர்களை வென்றது. போராட்டம் வீதிக்கு வந்தது. ஆயிரத்திற்கு மேற்பட்டோர் கைதாகினர். பெண்கள் கைக்குழந்தைகளுடன் சிறை புகுந்தனர். 1939ஆம் ஆண்டில் நடராசனும் தாளமுத்துவும் சிறைவாசத்தின்போது நோயுற்று உயிர்நீத்தனர். பெரியார் சிறையிலிருக்கையிலேயே நீதிக்கட்சியின் தலைவராகத் தெரிவானார். ஜமீன்தார்களின் கட்சி தெருப் போராட்டக்காரரின் கட்சியாக உருமாறத் தொடங்கியது அப்பொழுதே.

மறியல் செய்தோர் மீது ஏவப்பட்ட குற்றவியற் சட்டத் திருத்தம், சில ஆண்டுகளுக்கு முன்னர் காங்கிரஸ் தொண்டர் மீது அந்நிய அரசு ஏவிய அதே ஆயுதம். சோசலிஸ்டான பட்லிவாலா 1937ஆம் ஆண்டில் இராசத்துரோகக் குற்றச்சாட்டிற் கைதானமை காங்கிரசுக்குள்ளேயே கண்டனத்தைக் கிளப்பியது. அரச இயந்திரத்தைக் கைப்பற்றாமல் அதனுள் அமர்ந்துகொள்பவரை, அவ்வியந்திரம் தன் பழைய பாதையிலேயே இழுத்துச் செல்லும்.

மொழிப் போராட்டத்தை வெறும் மொழியுணர்ச்சியாகக் காண்பது குறைபாடு. பிற்போக்கரின் சூழ்ச்சியாக ஒதுக்குவது அதனினும் பெருங்குறைபாடு. ஆங்கிலக் கல்வியினூடாக உத்தியோகங்களைப் பற்றியிருந்த மேற்சாதி மத்தியதர வர்க்கத்தோடு போட்டியிட முனைந்த பிராமணரல்லாத மத்தியதர வர்க்கத்தின் அச்சம் அதிற் கலந்திருந்தது. எனினும் அவ்வச்சத்தோடு மாத்திரம் நடராசனும் தாளமுத்துவும் சிறை சென்றிருக்கமாட்டார்கள். சபையில் இடமற்றிருந்த எளிய மக்கள் தமக்கு விளங்கும் மொழியில் அரசியல் நடைபெற வேண்டுமெனக் கோரியதும் அதில் அடங்கும். இடதுசாரிகள் அக்கோரிக்கையின் சனநாயக உள்ளடக்கத்தைப் போதியளவு பற்றிக்கொள்ளாதது, தென்னிந்திய முற்போக்கு இயக்கம் பிற்காலத்திற் பெருவிலை கொடுத்த ஒரு தவறு என்பது எமது துணிபு.

8

1939 செப்டெம்பரில், மக்கட் பிரதிநிதிகளைக் கலந்தாலோசியாது இந்தியா போரில் ஈடுபடுத்தப்பட்டது. அதனை எதிர்த்து அக்டோபர் இறுதியில் அமைச்சரவை பதவி துறந்தது. 93ஆம் பிரிவின் கீழ் ஆட்சி ஆளுநரின் கைக்குப் போய், 1946 வரை அங்கேயே இருந்தது. கட்டாய இந்துஸ்தானியை 1940 பெப்ரவரி 21ஆம் திகதி நீக்கியவரும் ஆளுநரே. மக்கள் பிரதிநிதிகள் செய்ய மறுத்ததை அந்நிய ஆளுநர் ஒரு கையெழுத்தாற் செய்து நற்பெயர் ஈட்டினார். மக்களிடமிருந்து விலகிய பிரதிநிதித்துவம் ஏகாதிபத்தியத்திற்கு அளித்த பரிசு அது.

எமது நாட்டு வாசகர்க்கு இவ்வரலாறு அந்நியமானதன்று. 2013 செப்டெம்பரில் தெரிவான முதலாவது வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 அக்டோபரில் முடிவுற்றதும், மாகாண நிருவாகம் ஆளுநரின் கைக்குச் சென்றது. ஆளுநர் அதிகாரம் பற்றிய விவாதத்தில் எமது அரசியலாளர் பெரிதும் ஈடுபட்டனர். அவ்விவாதம் நியாயமானதே, 93ஆம் பிரிவின் வரலாறு அதற்குச் சான்று. ஆனால் சென்னைச் சபை இன்னொரு பாடத்தையும் தருகின்றது. அச்சபையின் ஆண்டுகளில் ஆளுநர் பெரும்பாலும் ஒதுங்கியே நின்றார். நிலமற்றவனின் கடனைத் தொடாமல் விட்டதும், ஆலயக் கதவைத் திறக்கத் தயங்கியதும், ஜமீன் அறிக்கையை உறங்கவிட்டதும் எமது சொந்தச் சமூகத்தின் மேல்தட்டினரே. அதிகாரம் மத்தியிலிருந்து மாகாணத்திற்கு இறங்குவது போதாது; மாகாணத்திற்குள் அது எவ்வளவு தூரம் இறங்குகின்றது என்பதையும் அளத்தல் வேண்டும்.

ஒரு சபையின் அங்கத்தவர் பட்டியலைக் கையிலெடுக்கும் ஆய்வாளர், அதனருகே மூன்று பட்டியல்களை வைத்துப் பார்ப்பாராக: வாக்காளர் பட்டியல், சட்டங்களின் பயன்பெற்றோர் பட்டியல், அக்காலத்திற் சிறை சென்றோர் பட்டியல். முதலிரண்டும் ஒன்றோடொன்று பொருந்தி, மூன்றாவதில் முற்றிலும் வேறானோர் இடம்பெறுவாராயின், அச்சபை எவருடையது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.